கத்தினால் சுருண்டுகொள்ளும் மத்தியஸ்தர்

மலைக்காட்டில் ஓர் இருவாச்சிப் பறவை பதைபதைத்துப் பறந்துகொண்டிருந்தது. அதன் மனைவிக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. வருஷா வருஷம் அவை முட்டையிடும் மரப்பொந்திலோ ஒரு பறக்கும் அணில் குடும்பத்தோடு குடியேறியிருந்தது.

"இது எங்க பொந்து! வெளியே வா!" என்று இருவாச்சி கத்தியது. காட்டிலேயே பெரிய தொண்டை அதனுடையது. அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"காலியாக் கிடந்துச்சு, வந்தோம்! போக முடியாது!" என்று உள்ளிருந்து சீறியது அணில்.

இருவாச்சி நேரே நரி வக்கீலிடம் போனது.

"புலி ராஜா சபையில வழக்குப் போட்டுடலாம் அண்ணே! வாய்தா மேல வாய்தா வாங்கி அந்த அணிலை ஒரு வழி பண்ணிடறேன்!"

"தீர்ப்பு எப்ப வரும்?"

"உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்குள்ள வந்துடும்!"

அதுவரைக்கும் முட்டை காத்திருக்குமா? இருவாச்சி விழிப்பதைப் பார்த்த மைனா ஒன்று, "சபைக்கே போகாம பேசித் தீர்த்து வைக்கிற அலங்கு ஒண்ணு ஓடைக்கரையில இருக்கு. போய்ப் பாருங்க" என்றது.

அலங்கு என்றால் உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி. அது இருவரையும் அந்திசாயும் நேரத்தில் வரச் சொன்னது. பகலெல்லாம் தூங்கும் அணிலும் இரவெல்லாம் தூங்கும் இருவாச்சியும் சேர்ந்து விழித்திருக்கும் பொழுது அதுதானே!

"அநியாயம்!" என்று இருவாச்சி ஆரம்பித்ததுதான் தாமதம், அலங்கு பந்தாகச் சுருண்டுகொண்டது. அணில் கூச்சல் போட்டது. அலங்கு இன்னும் இறுகியது. இருவரும் கத்திக் கத்தி ஓய்ந்து வாயை மூடியபிறகுதான் செதிலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"மெதுவாச் சொல்லுங்க. யாருக்கு எப்ப வேணும், எதுக்கு வேணும்?"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இருவாச்சி குரலைத் தணித்தது. "எங்களுக்குக் கோடை முடியற வரைக்கும் போதும். குஞ்சு பறந்துட்டா நாங்க கிளையிலதான் தூங்குவோம்."

அணிலின் கண்கள் அகல விரிந்தன. "அட! எங்களுக்கு மழைக்குத்தான் பொந்து வேணும் அண்ணே. கோடைக்கு இலைக்கூடே போதும். ஆனா நீங்க வாசலை மண்ணு வச்சு அடைச்சிடுவீங்களாமே? அப்புறம் நாங்க எப்படி நுழையறது?"

"குஞ்சு வெளிய வரும்போது அந்த அடைப்பை நாங்களே உடைச்சிடுவோம் தங்கச்சி!"

அவ்வளவுதான். சண்டைக்கே இடமில்லை!

இருவாச்சி வாயைப் பிளந்து நின்றது. "ஐயா, நீங்க தீர்ப்பே சொல்லலையே!"

"சொல்லியிருந்தா உங்கள்ல ஒருத்தர் மறுபடி கத்தியிருப்பீங்க" என்றபடி அலங்கு எறும்புப் புற்றைத் தேடிப் போய்விட்டது.

மறுநாள் காலை பொந்து காலியாக இருந்தது. மனைவி உள்ளே போய் அமர, இருவாச்சி வாசலை மண்ணால் பூசியது. சிறு இடுக்கு வழியே முதல் அத்திப்பழத்தை ஊட்டியபோதும் அதன் வியப்பு அடங்கவில்லை. பரம எதிரி என்று நினைத்த அணிலிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதுமே!

வழக்காடி ஜெயிக்கப் பார்ப்பதைவிட, இருவரையும் பொறுமையாகப் பேசவைக்கத் தெரிந்தவரைத் தேடிப் போவதே புத்திசாலித்தனம்.