நில்லாத வால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டு மாசி மாதத்தில், கோயில் கொடை விழாவுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிக் கூட்டம் ஒன்று புளியமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறிய வேளையில், சாத்தரசன்பட்டி வண்டிக்காரர் அருளாண்டி பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்ட கதை இது. நிகழ்ச்சிகளின் வரிசை அவர் சொன்னபடியே உள்ளது. பேச்சு மட்டும் எழுத்து நடைக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

ஒரு காட்டின் ஓரத்தில் ஏரி ஒன்று வற்றிக் கிடந்தது, பிள்ளைகளே. அதன் மேலைக்கரையில் ஒரு மூஞ்சூறுக் குடும்பம் வளை தோண்டி வாழ்ந்து வந்தது. குடும்பத்தலைவி மூக்காயி, பெயருக்கு ஏற்ற மோப்பக்காரி. அவள் கணவன் சடையன் எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பவன். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இவர்களோடு சடையனின் தங்கை வெள்ளச்சியும் இருந்தாள். கணவனைப் பூனைக்குப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். சின்னச் சொல்லுக்கும் வாடிவிடுவாள்.

முந்தின மழைக்காலத்தில் வளைக்குள் வெள்ளம் புகுந்தபோது மூக்காயி ஒரு வேண்டுதல் செய்திருந்தாள். “பிள்ளையாரப்பா, எங்களைக் கரையேற்று. வீட்டில் ஒருவர் குறையாமல் வந்து உன்னைக் கும்பிடுகிறேன்” என்றாள். எல்லாரும் பிழைத்தார்கள். பிள்ளையாரோ கீழைக்கரையில், அரசமரத்தடியில் இருந்தார். மனிதர் நடந்தால் ஒரு காலைப்பொழுது. மூஞ்சூறுக்கு ஏழு நாள் பயணம்.

மூஞ்சூறுகளுக்குக் கண்பார்வை மங்கல். ஆகவே அவை பயணம் போகும் முறையே தனி. தலைவி முன்னே நடப்பாள். அவளுடைய வாலின் அடியை அடுத்தவர் பல்லால் மெல்லக் கவ்விக்கொள்வார்; அவர் வாலை அதற்கடுத்தவர் கவ்வுவார். இப்படி ஒரே கயிறுபோல் குடும்பம் முழுவதும் நகரும். வாய் அடைபட்டிருப்பதால் நடக்கும்போது யாரும் பேச முடியாது. பேச்சும் சண்டையும் தங்கும் இடத்தில்தான்.

மூக்காயிக்குப் பின் பிள்ளைகள், அவர்களுக்குப் பின் சடையன், கடைசியில் வெள்ளச்சி. அண்ணன் வால் அவள் வாயில் இருந்தது. அவள் வாலைப் பிடிக்க யாரும் இல்லை.

ஏரித் தரை வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெள்ளச்சி அடிக்கடி தடுக்கினாள். தடுக்கும்போதெல்லாம் சடையனின் வால் வெடுக்கென்று இழுபட்டது. மூன்றாம் நாள் தங்கலில் அவன் வாலை நக்கிக்கொண்டே, “அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்கு வால் மிஞ்சுமா என்பதே சந்தேகம். பிள்ளையார் முன்னால் மொட்டை வாலோடுதான் நிற்கப்போகிறேன்” என்றான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. மூக்காயியும் சிரித்துவிட்டு, வெள்ளச்சிக்கென்று எடுத்து வைத்திருந்த கொழுத்த புழுவை அவள் பக்கம் தள்ளினாள். வெள்ளச்சி பசியில்லை என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதையும் முந்தின தங்கல்களில் வேண்டுதலைப் பற்றியும் வெள்ளச்சியின் கணவனைப் பற்றியும் நடந்த பேச்சையும் ஒரு சாரைப்பாம்பு கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு மூஞ்சூறு தேவை. ஆனால் தனி மூஞ்சூறு தேவை. பயந்தால் மூஞ்சூறு நாறும்; ஒன்றின் நாற்றத்தை எப்படியோ மூச்சடக்கிப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தும் சேர்ந்து வெருண்டு நாறினால் எந்தப் பாம்பாலும் அருகில் நிற்க முடியாது.

நான்காம் நாள் விடியலில் மூடுபனி இறங்கியிருந்தது. சாரை ஏரிக்குள் வற்றாமல் எஞ்சியிருந்த குட்டையின் சேற்றில் நன்றாகப் புரண்டு தன் வாடையை மறைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் ஊர்ந்து வந்தது.

“பயப்படாதே, அம்மா. நான் ஒரு கிழப் பெருச்சாளி. நானும் பிள்ளையாரைக் கும்பிடத்தான் போகிறேன்” என்று மெல்லிய குரலில் சொன்னது.

வெள்ளச்சியால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் அடைபட்டவளிடம் பேசுவது சாரைக்கு வசதியாகப் போயிற்று. அன்று முழுதும் அது பேசிக்கொண்டே வந்தது. அவளுடைய கணவனைப் பற்றி இரக்கத்தோடு விசாரித்தது. நேற்றைய சிரிப்பு தன் காதிலும் விழுந்ததாகவும், கேட்கவே மனம் பொறுக்கவில்லை என்றும் சொன்னது. அண்ணன் வீட்டில் இருப்பவளின் நிலை தனக்குத் தெரியாதா என்று பெருமூச்சு விட்டது. பொழுது சாயும் நேரத்தில்தான் வைத்திருந்த சொல்லை எடுத்தது.

“ஒருவர் குறையாமல் வருவதாக வேண்டுதலாமே. எண்ணிக்கைக்காகத்தான் உன்னை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கும்பிட்டு முடித்த பிறகு நீ எதற்கு?”

அந்தச் சொல் வெள்ளச்சியின் நெஞ்சில் தைத்தது. அன்று தங்கலில் அவள் எல்லாரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். மூக்காயி இரண்டு முறை கேட்டும், கால் வலி என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலையும் பனி. சாரை வந்தது.

“ஒரே ஒரு தடவை வாயை எடுத்துப் பார். அவர்களுக்குத் தெரியவே தெரியாது. என் வாலைப் பிடித்துக்கொள். என் வாலும் சும்மாதான் கிடக்கிறது. நாம் இருவரும் தனியாகப் போய்க் கும்பிடுவோம். பிள்ளையார் எண்ணியா பார்க்கப்போகிறார்?”

வெள்ளச்சி வாயை எடுத்தாள்.

மூக்கின் முன்னே வழவழப்பாக ஒரு வால் வந்து நின்றது. சேற்று மணம் அடித்தது. பெருச்சாளி வால் மயிரின்றி வழவழப்பாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அதைக் கவ்வினாள். வால் நகர்ந்தது, அவளும் பின்னே நடந்தாள். முன்னால் போகிறவரின் வால் எங்கே போகிறதோ அங்கே போவதுதானே அவள் இனத்தின் வழக்கம்.

சிறிது தொலைவுதான் போயிருப்பாள். அவளுடைய முன்கால் ஒரு வெடிப்புக்குள் சறுக்கியது. உடல் சாய்ந்தது. ஆனால் வால் நிற்கவில்லை. சரசரவென்று அது போய்க்கொண்டே இருந்தது. தரையில் மார்பு தேய அவள் இழுபட்டாள்.

வெள்ளச்சிக்கு அண்ணனின் வால் நினைவுக்கு வந்தது. நான்கு நாளாக எத்தனை தடவை தடுக்கியிருப்பாள்? எண்ணிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் அண்ணனின் வால் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றது. அவள் எழுந்து கால் ஊன்றிய பிறகே அது நகர்ந்தது. வலித்த வாலை அவன் ஒருநாளும் முன்னே இழுத்ததில்லை. முணுமுணுத்ததெல்லாம் தங்கலில்தான், நடையில் ஒவ்வொரு தடவையும் அவளுக்காக நின்றிருக்கிறான். அது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அவள் வாயை எடுத்துவிட்டு, வெடிப்பின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

சாரை தலையைத் திருப்பியது. “ஏன் விட்டுவிட்டாய், அம்மா?”

“நான் விழுந்தேன். நீ நிற்கவில்லை.”

“அவசரத்தில் கவனிக்கவில்லை. வா, பிடித்துக்கொள்.”

“நீ யாராக இருந்தாலும் போய்விடு. என் வீட்டார் வருவார்கள்.”

சாரை சிரித்தது. இனி நடிப்பு தேவையில்லை என்று அதற்குத் தோன்றியது. “வருவார்களா? ஒன்று குறைந்ததை எண்ணிப் பார்க்க அங்கே யாருக்கு நேரம்? பிள்ளைகள் இரண்டையும் பார்ப்பார்களா, உன்னைப் பார்ப்பார்களா?” என்று கேட்டுக்கொண்டே உடலைச் சுருட்டியது.

ஓடினால் பனிக்குள் திசை தெரியாது. தேடி வருபவர்களுக்கும் தன் தடம் அகப்படாது. இதை நினைத்து வெள்ளச்சி இருந்த இடத்திலேயே இருந்தாள். பிள்ளையாரை ஒரு தடவை கூப்பிட்டாள். பிறகு கீச்சுக்குரல் கம்மிப்போகும் வரை, “அண்ணா, மதினி” என்று மாறி மாறிக் கூப்பிட்டாள்.

அங்கே நடந்தது இது. வாலில் பல் இல்லை என்று உணர்ந்த கணமே சடையன் முன்னால் இருந்த பிள்ளையின் வாலை அழுத்திக் கடித்தான். அது அடுத்ததைக் கடித்தது. கடி மூக்காயியை எட்டியதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வரிசை குலையாமல் அப்படியே வளைந்து திரும்பி, வெள்ளச்சியின் வாடையை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தாள். கீச்சொலி கேட்டதும் ஓட்டமாக வந்தாள்.

சாரை வாயைத் திறந்த நேரத்தில் வெள்ளச்சியின் வாலை யாரோ கவ்வினார்கள். அவள் துள்ளிவிட்டாள். பிறகு அது மூக்காயியின் பல் என்று தெரிந்தது. ஐந்து உடலும் ஒரே கயிறாயின. ஐந்தின் நாற்றமும் ஒன்றாக எழுந்தது. சாரையின் நாக்கு சுருண்டது. தலையை இப்படியும் அப்படியும் உதறிவிட்டு, பனிக்குள் அது வந்த வழியே போய்விட்டது.

சடையன் மூச்சிரைக்க நின்றான். தங்கையைத் திட்டுவதற்கு நிறையச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான் போலும். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வெள்ளச்சியின் மார்பில் தேய்ந்திருந்த இடத்தை நக்கிக்கொடுத்தான்.

வெள்ளச்சி தலை குனிந்தபடி கேட்டாள். “வேண்டுதல் குறைந்துவிடும் என்றுதானே திரும்பினீர்கள், மதினி?”

மூக்காயி கோபத்தோடு சொன்னாள். “வேண்டுதல் போனால் பிள்ளையாரிடம் இன்னொன்று வேண்டிக்கொள்வேன். நீ போனால் யாரிடம் போய் உன்னைக் கேட்பேன்?”

மறுபடியும் வால்களைக் கவ்விக்கொண்டார்கள். பயணம் தொடங்கியது, எல்லா வாயும் அடைபட்டது. ஏழாம் நாள் காலையில் ஐவரும் கீழைக்கரை ஏறி, அரசமர நிழலில் ஒருவர் பின் ஒருவராக விழுந்து கும்பிட்டார்கள்.

அருளாண்டி இவ்வாறுதான் முடித்தார். அதே வட்டாரத்தில் வேறு சிலர், சாரை வெள்ளச்சியை விழுங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் கதையில் நாத்தனாரைத் தேடி அலைந்து நால்வராய்க் கோயிலை அடைந்த மூக்காயி, பிள்ளையாரை ஏறிட்டும் பாராமல், இன்னும் ஒருத்தி வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்புகிறாள். ஏரி வற்றும் ஆண்டுகளில் எல்லாம் அவள் தரையை மோந்துகொண்டு போவதைக் காணலாம் என்பார்கள் அவர்கள்.

நீதி: நாம் தடுக்கி விழும்போது நமக்காக நிற்பவரே உறவினர், அவரை நம்பிப் பற்றியிருப்பவர் வழி தவறுவதில்லை.