சுனைப் பாறையில் எழுதியது

பேச்சு வராத குழந்தை அழுகிறது. பசிக்கு அழுகிறதா, தூக்கத்துக்கு அழுகிறதா, காதுக்குள் எறும்பு போய்விட்டதா என்று பெற்றவளுக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்.

யாரும் இல்லைதானே. ஆனால் உதிரனிடம் இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பான்.

எழுத்து என்ற ஒன்று துறைமுகத்திலிருந்து மெல்ல மெல்ல மலைப்பக்கம் ஏறி வந்துகொண்டிருந்த காலம் அது. பானையில் ஒரு பேரைக் கீறினால் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும். கூகைமலைக் குகையில் வேண்மாள் என்ற ஆசிரியை இருந்தாள். அந்த மலையிலேயே பிறந்து, கடற்கரைக்குப் போய் எழுத்துக் கற்றுத் திரும்பியவள். அவளைத் தேடி வந்த சீடன்தான் உதிரன். துறைமுகத்துக்காரன். ஆசிரியைக்கு வயது முப்பத்தைந்து, சீடனுக்கு ஐம்பது. படிப்பு வயதைப் பார்த்தா வருகிறது?

ஒரு கோடைக் காலையில் உதிரன் குகை வாசலில் வந்து நின்று உளியைத் தரையில் எறிந்தான்.

“இந்தச் சனங்களுக்கு எழுத்து எதுக்கு அம்மை? நீங்களே சொல்லுங்க!”

“உக்காரும். என்ன ஆச்சு?”

“உக்காரவா? உடம்பெல்லாம் எரியுது எனக்கு. சுனையில காட்டுப்பன்னி செத்து ஊறிக் கிடந்துது. அதை இழுத்துப் பள்ளத்துல தள்ளினேன். தண்ணி தெளிஞ்சாலும் கெட்டது கெட்டதுதானே? யாராவது குடிச்சிடப்போறாங்களேன்னு மூணு நாள் வெயில்ல குந்திப் பாறையில வெட்டினேன். ‘இந்நீர் உண்ணாதீர்.’ ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண். வெட்டி முடிச்சு நாலு நாள் ஆச்சு. இன்னைக்குப் போய்ப் பார்த்தா, அதுமேல ஒரு ஆட்டுக்காரி துணி காயப்போட்டிருக்கா. பிள்ளையோட பீத்துணி, அம்மை! ‘உண்ணாதீர்’ மேல பீத்துணி!”

வேண்மாளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எழுத்துக்குக் கீழேயே உக்காந்து மொண்டு மொண்டு குடிச்சிருக்காங்க. இப்ப பிள்ளைக்கு வாந்தியும் பேதியும். வழியில தேன்காரன் சொன்னான். பட்டாத்தான் புத்தி வரும்.”

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“எந்தப் பிள்ளை? என்ன வயசு?”

“அந்த ஆட்டுக்காரி பிள்ளைதான். மூணு வயசாம்.”

“இப்ப எப்படி இருக்கு?”

“நான் எங்க பார்த்தேன்? கோபத்துல நேரா இங்க வந்துட்டேன்.”

“துணியை முதல்ல சொல்றீர், பிள்ளையைக் கடைசியில சொல்றீர்.” வேண்மாள் எழுந்துவிட்டாள். அடுப்பில் இருந்த கஞ்சியின் தெளிவைச் சுரைக்குடுக்கையில் ஊற்றி, இரண்டு விரலால் உப்பை எடுத்துப் போட்டுக் குலுக்கினாள். “பேதி ஆகிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை துணி துவைக்கணும் தெரியுமா உமக்கு? வாரும்.”

சுனை வழியாகத்தான் போக வேண்டும். தண்ணீர் பளிங்காகத் தெளிந்து கிடந்தது. கையைவிட்டு அள்ளச் சொல்லும் தெளிவு. பாறையின் மேல் எழுத்து, எழுத்தின் மேல் துணி. வேண்மாள் எழுத்தைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தைப் பார்த்தாள்.

“இங்க மூணு கல்லு இருந்திருக்குமே?”

“இருந்துது. ஒண்ணு மேல ஒண்ணு, உச்சியில வாடின எருக்கந்தழை. ஏதோ பிள்ளைங்க விளையாட்டு. எழுத்தை மறைச்சுது, காலால தள்ளிவிட்டேன்.”

வேண்மாள் குனிந்து தேடி மூன்று கல்லையும் எடுத்துவந்தாள். பெரியதைக் கீழே வைத்து மற்ற இரண்டையும் மேலே அடுக்கினாள். எருக்கந்தழையை ஒடித்து உச்சியில் வைத்தாள்.

“என்ன அம்மை இது?”

“குடிக்காதேன்னு அர்த்தம். கெட்ட தண்ணியை முதல்ல பார்க்கிறவங்க வைப்பாங்க. பன்னியை உமக்கு முன்னாலயே யாரோ பார்த்திருக்காங்க. ஆட்டுக்காரங்க பேச்சு வேற, தேன்காரங்க பேச்சு வேற, உப்பு கொண்டுவர்றவங்க பேச்சு வேற. இந்தக் கல்லு எல்லாருக்கும் ஒண்ணு.”

“சரி. அதைத்தானே நானும் எழுதினேன்? கல்லு போனாலும் எழுத்து இருக்கே!”

“கல்லை யார் இறக்கலாம், தெரியுமா?”

“யாரு?”

“சுனையை இறைச்சுக் கழுவி, புதுசா ஊறின தண்ணியைத் தானே முதல்ல ஒரு கை குடிச்சவங்க. குடிச்சு மறுநாளும் நல்லா இருந்தவங்க. வேற யாரும் தொடமாட்டாங்க. நேத்து வரைக்கும் இருந்த கல்லு இன்னைக்கு இல்லைன்னா, யாரோ குடிச்சுப் பார்த்துட்டாங்க, இனி பிள்ளைக்குக் கொடுக்கலாம்னு அர்த்தம்.”

உதிரனின் முகம் சிவந்தது.

“அது எனக்கு எப்படித் தெரியும்? துறைமுகத்துக்காரன் நான். யாராவது சொன்னாங்களா? இது எங்கே எழுதியிருக்கு?”

“பிள்ளை தேறட்டும், அப்புறம் நீர் கத்தும். அங்க வந்து வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது.”

“ஏன்?”

“இப்ப கோபப்பட வேண்டியவ அவ. நீர் இல்லை.”

ஆட்டுக்காரர்கள் அத்தி மரத்தடியில் தங்கியிருந்தார்கள். புருஷன் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தான். எயினி என்கிற அந்தப் பெண், மகள் தும்பியை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். தும்பியின் கண் உள்ளே போயிருந்தது. அழுவதற்குக்கூட அதற்குத் தெம்பு இல்லை. எயினிக்குத் தெம்பு இருந்தது.

“எவன் இறக்கினான் அந்தக் கல்லை? முந்தின தடவை வந்தப்ப இருந்துது, முந்தாநாள் வரும்போது கல்லு இல்ல. யாரோ புண்ணியவான் இறைச்சுக் குடிச்சிருக்கான்னு கும்பிட்டுட்டு அள்ளிக் கொடுத்தேன், என் கையால கொடுத்தேன்! நேத்து அங்கேயே துணி துவைச்சுக் காயப்போட்டப்பகூடத் தெரியல, ராத்திரி இவருக்கும் வந்தப்புறம்தான் தண்ணின்னு புரிஞ்சுது. திரும்பக் கல்லை வைக்கலாம்னா இதுங்க ரெண்டையும் விட்டுட்டு எப்படிப் போவேன்?”

“வச்சுட்டுத்தான் வர்றேன்,” என்றாள் வேண்மாள். “நீ அவரைப் பாரு. இவர் பிள்ளையைப் பார்த்துக்குவார்.”

சிரட்டையில் கஞ்சித் தெளிவை ஊற்றி உதிரன் கையில் கொடுத்தாள். பிள்ளையை அவன் மடிக்கு மாற்றினாள்.

உதிரன் சொட்டுச் சொட்டாகப் புகட்டினான். கொஞ்ச நேரத்தில் தும்பி புறங்கையால் மூக்கைத் தேய்த்தாள். இன்னும் கேட்கிறாள் என்று நினைத்து அவன் சிரட்டையைச் சாய்த்தான்.

“பெரியவரே! வாந்தி வருதுன்னு சொல்றா, கண்ணு தெரியலையா? அந்தப் பக்கம் திருப்புங்க! இத்தனை வயசுக்கு ஒரு பிள்ளையைத் தூக்கினது இல்லையா நீங்க?”

அதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. உதிரன் வாயைத் திறந்தான். வேண்மாளைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

அடுத்த தடவை புறங்கை மூக்குக்குப் போனதும் பிள்ளையைத் திருப்பிவிட்டான். அவன் கட்டைவிரலை அவள் இழுத்தால் தாகம். காலை உதறினால் வயிறு வலிக்கிறது, விசிறு என்று அர்த்தம். யாரும் சொல்லித் தரவில்லை. வெயில் சாய்வதற்குள் பத்துப் பதினைந்து தடவை தப்புச் செய்து, பத்துப் பதினைந்து தடவை எயினியிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டான்.

பிறகு அவன் மடி சூடாக நனைந்தது. இந்தத் தடவை வாந்தி இல்லை. தும்பி ஒண்ணுக்குப் போயிருந்தாள்.

பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அப்படிக் கிடந்த பிள்ளை ஒண்ணுக்குப் போனால், அதைவிட நல்ல செய்தி உலகத்தில் கிடையாது. எயினி ஓடிவந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“பெரியவரே, நீங்க நல்லா இருக்கணும். உங்க கை நல்லா இருக்கணும். கல்லை இறக்கினானே, அவன் கை விளங்காமப் போகணும்.”

உதிரன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். வேண்மாள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. சிரட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கல்லைத் தள்ளினது நான்தாம்மா,” என்றான்.

எயினி பிள்ளையை அவன் மடியிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள்.

“குடிச்சியா?”

“இல்ல.”

“குடிக்காமலா தள்ளினே?”

“பாறையில எழுதியிருந்தேன். குடிக்காதேன்னு.”

“யாருகிட்ட சொன்னே? பாறைகிட்டயா?”

“அது எழுத்தும்மா. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு…”

“இந்த மலையில எத்தனை பேருக்குத் தெரியும்?”

உதிரன் இரண்டு விரலைக் காட்டினான். ஒன்று வேண்மாள், ஒன்று அவன்.

“நீங்க ரெண்டு பேரும் குடிக்காம இருக்கிறதுக்கா மூணு சாதி சனத்தோட கல்லைத் தள்ளினே? உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! நாங்க பேசத் தெரியாதவங்கன்னு நினைச்சியா? அந்தக் கல்லு பேசினது உனக்குக் கேக்கலைன்னா, வாயை வச்சு ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம்ல?”

உதிரன் ஆசிரியை பக்கம் திரும்பினான்.

“இப்பவே போய் அத்தனை எழுத்தையும் கொத்தி அழிச்சிடறேன் அம்மை.”

“என்னை ஏன் கேக்கிறீர்?” என்றாள் வேண்மாள். “பிள்ளை அவளோடது.”

“அழிப்பியா?” எயினி குரல் மரத்தில் இருந்த கிளிகளைக் கிளப்பியது. “ஒண்ணுமே நடக்காத மாதிரி துடைச்சுட்டுப் போயிடலாம்னு பார்க்கிறியா? அழிக்காதே. அதுக்குக் கீழே இன்னும் எழுது. இங்கே கல் இருந்தது, குடிச்சுப் பார்க்காமல் நான் தள்ளினேன், ஒரு பிள்ளை சாகக் கிடந்ததுன்னு எழுது. உன் பேரையும் போடு.”

“எழுதறேன். ஆனா…” உதிரன் தயங்கினான். “நீங்க யாரும் அதைப் படிக்கப்போறது இல்லையேம்மா.”

எயினி தும்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“எங்களுக்கு எதுக்குய்யா அது? எழுதத் தெரிஞ்சவன் உன் ஒருத்தனோட நிக்கப்போறதில்ல. உன் பின்னால வரிசையா ஏறி வருவானுங்க. உளியில கை வைக்கிறதுக்கு முன்னால அவனுங்க படிக்கட்டும். கொஞ்சம் பெருசாவே எழுதுய்யா.”