பால் டேங்கரில் விண்வெளி போன தவசி

மொட்டுப்பட்டியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் வீடியோ எடுப்பது மேகவர்ணன் கோஷ்டிதான். மேகவர்ணன் "இப்படித் திரும்புங்க, சிரிங்க" என்று சொல்கிறவன். சூசைராசு கேமராக்காரன். கொப்பையன் சமையல்காரன். வீடியோ எடுக்கச் சமையல்காரன் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்களும் யோசிக்கவில்லை. நாலாவது ஆள் தவசி. லைட் பிடிக்கிறவன்.

லைட் பிடிக்கிறவன் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். அவனுக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லாம் ஜொலிப்பார்கள். அவனைத் திரும்பிப் பார்த்தால் கண் கூசும். அதனால் யாரும் பார்ப்பதில்லை. ஊரிலுள்ள அத்தனை மாப்பிள்ளைகளுக்கும் வெளிச்சம் போட்டுவிட்டு, கடைசிப் பந்தியில் ரசமில்லாமல் சாப்பிட்டு வீட்டுக்குப் போகிற தவசிக்கு, கல்யாண மண்டபத்துக்காரர் தீர்த்தகிரியின் மகள் சுகந்தியைக் கட்டிக்கொள்ள ஆசை. சுகந்திக்கும் சம்மதம்தான்.

தீர்த்தகிரி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். "எம் மண்டபத்துல இத்தனை வருஷமா லைட்டு புடிக்கிற. உம் மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. பெரிய திரையில உம் மூஞ்சி மட்டும் தனியாத் தெரியட்டும். பார்த்துட்டுப் பொண்ணைத் தரேன்."

"நேர்லயே பாருங்களேன் மாமா," என்றான் தவசி, எதிரே நின்றபடி.

"சேச்சே, நேர்ல பார்த்தா மரியாதையா இருக்காதுப்பா."

அதுவும் சரிதான் என்று தவசிக்குப் பட்டது.

விஷயத்தைக் கேட்ட மேகவர்ணன் துள்ளிக் குதித்தான். அவனிடம் ஒரு கதை இருந்தது. விண்கலத்தில் ஒருத்தன் தன்னந்தனியாக மாட்டிக்கொள்கிறான். பேச்சுத்துணை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கிறது.

"ஆகாயத்துல ஊரு கிடையாது. ஊரு இல்லேன்னா சொந்தக்காரன் இல்ல. சொந்தக்காரன் இல்லேன்னா, 'என்னை ஏன் எடுக்கல'ன்னு சண்டைக்கு வர ஆளில்ல. நிம்மதியா எடுக்கலாம்டா!"

பால் பண்ணைக்குப் பின்னால் சக்கரமில்லாத பழைய டேங்கர் ஒன்று கிடந்தது. உள்ளே சுற்றிலும் எவர்சில்வர். ஏறி இறங்க உச்சியில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு மூடி. புளித்த தயிர் நாற்றம் மட்டும் போகவில்லை. "ஆகாயத்துல என்ன நாத்தம்னு எவன் மோந்து பார்த்தான்?" என்றான் சூசைராசு. கார் மூடுகிற வெள்ளி உறையைத் தைத்துத் தவசிக்கு உடுப்பு ஆயிற்று.

மேகவர்ணன் சென்னையில் தனக்குத் தெரிந்த எடிட்டர் ரகோத்தமனுக்குப் போன் போட்டு யோசனை கேட்டான். அவர் அவசரத்தில் இருந்தார். "கப்பல்ல அவன் ஒருத்தன்தான். வேற ஆளே இருக்கக் கூடாது. உடம்புக்கு எடை இருக்கக் கூடாது, மிதக்கணும். தனிமை தாங்காம அழணும். அவ்வளவுதான் படம்," என்று வைத்துவிட்டார்.

முதலில் எடையை எடுத்தார்கள். தவசிக்குச் சோறு நிறுத்தப்பட்டது. தினமும் வெங்காய மண்டித் தராசில் அவனை உட்காரவைத்து நிறுத்தார்கள். அவன் உட்கார்ந்த தட்டு ஒவ்வொரு தடவையும் கீழேதான் இறங்கியது.

"இன்னும் எடை இருக்கேடா," என்றான் மேகவர்ணன் வருத்தமாக. "மிதக்கிற மாதிரி ஏதாச்சும் தெரியுதா?"

"தலை மிதக்குதுண்ணே," என்றான் தவசி சுவரைப் பிடித்துக்கொண்டு.

"தலை ஆரம்பிச்சிருச்சு! உடம்பும் பின்னாலயே வந்துரும்."

அடுத்த நாள் படப்பிடிப்பு. தவசி தன் பாட்டரி லைட்டோடு உள்ளே இறங்கினான். சூசைராசு கேமராவோடு இறங்கப் போனபோது மேகவர்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எங்கடா போற? வேற ஆளே இருக்கக் கூடாதுன்னு எடிட்டர் சொல்லலை?"

"நான் போகலேன்னா யாருண்ணே எடுக்கிறது?"

மூன்று பேரும் டேங்கர் மேல் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் கொப்பையன்தான் வாயைத் திறந்தான்.

"ஆளுதானே இருக்கக் கூடாது? பாதி ஆளு இருக்கலாமில்ல?"

"இடுப்புக்கு மேலயா, கீழயா?"

"கேமரா கையிலதானே இருக்கு. மேல் பாதி உள்ள போகட்டும். கால் ரெண்டும் பூமியிலயே இருக்கட்டும்."

ஆக, ஓட்டை வழியே சூசைராசு தலைகீழாகத் தொங்கினான். ஆளுக்கொரு காலை மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். தலைகீழாகத் தொங்கிப் பார்த்தபோது தவசி கூரையில் நிற்கிற மாதிரி சூசைராசுக்குத் தெரிந்தான். "மிதக்கிறான்ணே! மிதக்கிறான்!" என்று கத்தினான். மேலே இருந்தவர்கள் சந்தோஷத்தில் கைதட்டினார்கள். தட்டின கையால் காலைப் பிடிக்க முடியாதல்லவா? சூசைராசு முழு ஆளாக உள்ளே போய் விழுந்தான். கேமரா அவன் வயிற்றின் மேல் பத்திரமாக விழுந்தது. அதை எடுத்து ஓரமாக ஸ்டாண்டில் மாட்டி, ஓடவிட்டு, மற்றவர்கள் தூக்கிவிட வெளியே வந்துவிட்டான்.

இப்போது தவசி உண்மையிலேயே தனி. அழ வேண்டும். சுகந்தியை நினைத்தான். அழுகை வரவில்லை. பந்தி ரசத்தை நினைத்தான். பொத்துக்கொண்டு வந்தது. எவர்சில்வர் டேங்கர் அந்த அழுகையை வாங்கி நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது.

மேலே மேகவர்ணன் முகம் வாடியது. "கேக்கவே முடியலடா. பாவம், ஒண்டியா அழறான். யாராச்சும் துணைக்குப் போங்கப்பா."

"துணைக்குப் போனா தனிமை கெட்டுருமேண்ணே?"

"தனியா இருக்கிறவனுக்குத்தாண்டா துணை வேணும். கூட்டத்துல இருக்கிறவனுக்கு எதுக்குத் துணை?"

கொப்பையன் சோற்றுத் தூக்கோடு இறங்கினான். தவசி சாப்பிட ஆரம்பித்தான். ஒருத்தன் சாப்பிட ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்தால் வயிற்றுவலி வரும் என்று சூசைராசு இறங்கி இன்னொரு இலை போட்டான். வெளியே தான் மட்டும் நிற்பதை மேகவர்ணன் பார்த்தான். அவனுக்கும் அழுகை வந்தது. அவனும் இறங்கினான். இறங்கின வேகத்தில் மூடி டப்பென்று விழுந்து மாட்டிக்கொண்டது.

"யாராச்சும் வெளியில இருக்கீங்களா?" என்று தட்டினார்கள். பதில் இல்லை.

"நாம நாலு பேரும் இங்க இருக்கோம். பூமியில ஒருத்தருமில்ல," என்றான் கொப்பையன். "பாவம் பூமி. தனியா இருக்கு."

நாலு பேரும் பூமிக்காகக் கொஞ்ச நேரம் அழுதார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் தொழில் ஞாபகம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையாக நின்று சிரித்தார்கள்.

தேடி வந்த சுகந்திதான் மூடியைத் திறந்தாள். "இத்தனை பேரு உள்ள என்ன பண்றீங்க?"

"தனியா இருக்கோம்மா," என்றான் மேகவர்ணன்.

படத்தை மண்டபத்திலேயே போட்டார்கள். பகலாயிருந்ததால் ஜன்னல்களில் ஜமக்காளம் தொங்கியது. தீர்த்தகிரி முன்வரிசையில் உட்கார்ந்தார். திரையில் அவன் முகம் வந்தது. அழுதது. உடனே பக்கத்தில் கொப்பையன் முகம், சூசைராசு முகம், மேகவர்ணன் முகம். நாலும் சிரித்தன.

"நிறுத்தாதீங்க, ஓடட்டும். ஆனா நான் என்ன சொன்னேன்?" என்றார் தீர்த்தகிரி. "உம் மூஞ்சி மட்டும் தனியா. இங்க நாலு மூஞ்சி நிக்குதே. நான் எந்த மூஞ்சிக்குப் பொண்ணு தரது?"

தவசி சுகந்தியைப் பார்த்தான். சுகந்தி தரையைப் பார்த்தாள்.

"டேய், அவன் வாழ்க்கைடா! ஆளாளுக்கு அவனவன் மூஞ்சியை மறைங்கடா!" என்று மேகவர்ணன் தோள்துண்டை உருவிக்கொண்டு திரைக்கு ஓடினான். மற்ற இரண்டு பேரும் ஓடினார்கள். தத்தம் முகத்துக்கு முன்னால் துண்டை விரித்துப் பிடித்தார்கள். முகம் மறையவில்லை. திரையை விட்டுவிட்டுத் துண்டின் மேல் வந்து சிரித்தது.

"துண்டுக்கு வந்துருச்சுண்ணே!" என்று அலறினான் சூசைராசு.

மேகவர்ணன் துண்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அப்ப வேலை சுலபம். நம்மளை ஏன் மறைக்கணும்? அவர் கேட்டது தவசி மூஞ்சிதானே? அதை மட்டும் தனியா எடுத்துக் குடுத்துரலாம்!"

தவசி நல்ல சலவைத் துண்டாக ஒன்றை வாங்கித் தன் முகத்துக்கு முன்னால் விரித்தான். முகம் வந்து உட்கார்ந்தது. மூக்கு நசுங்காமல் மெதுவாக நாலாக மடித்தான். இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய்த் தீர்த்தகிரியிடம் நீட்டினான்.

அவர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"சுகந்தி, இதைக் கொண்டுபோயி பீரோவுல பட்டுப்புடவைக்கு மேல வை. உள்ள இருக்கிற அந்துருண்டையை முதல்ல எடுத்து வெளிய போட்டுரு. மாப்பிள்ளைக்குக் கண்ணு எரியும்."