எல்லோருக்கும் அனுமதி

விழுப்புரத்துக்கு வெளியே, வீட்டில் அடி தாங்க முடியாமல் வரும் பெண்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் தணிகாசலம். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் அதே விடுதியில் டைப்பிஸ்டாக இருந்தவர்.

அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பெனிட்டா. முப்பத்துநாலு வயது. வாரம் ஒருநாள் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். தணிகாசலம் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். கேலியாக அல்ல.

பெனிட்டா சர்வரில் மூன்று ஃபோல்டர்கள் போட்டுக் கொடுத்திருந்தார். ஒன்றில் சமையல் பட்டியல். ஒன்றில் மருந்து விவரம். மூன்றாவதில் அந்தப் பெண்கள்: யார் அடித்தது, எதனால் அடித்தது, இப்போது எங்கே இருக்கிறாள். மூன்றாவதை வார்டனும் இரண்டு கவுன்சிலர்களும் மட்டும் திறக்கலாம். பராமரிப்புக்காகத் தணிகாசலம், பெனிட்டா இருவர் பெயரும் அதில் இருந்தது.

விடுதியில் வேலை செய்பவர்கள் பதினான்கு பேர். தினமும் யாராவது போன் செய்தார்கள். வேன் ஓட்டுபவருக்கு ஒரு முகவரி வேண்டும், திறக்கவில்லை. தையல் சொல்லித்தருபவருக்கு ஒருத்தியின் வயது வேண்டும், திறக்கவில்லை. வார்டனைக் கேட்கலாம் என்றால் அவர் கோர்ட்டில் இருப்பார். ஒரு திங்கட்கிழமை ஏழாவது போன் வந்தபோது, தணிகாசலம் மூன்றாவது ஃபோல்டரில் ‘எல்லோருக்கும்’ என்ற இடத்தில் டிக் போட்டார்.

போன் நின்றது. அந்த ஒரு மாதமும் அவர் மத்தியானச் சாப்பாட்டை முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு சுகந்தி திரும்பி வந்தாள்.

தை மாதம் விடுதியை விட்டுப் போனவள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஒரு வாடகை ரூம், கூட மகள். வேன் டிரைவர் அந்த முகவரியை ஃபோல்டரில் பார்த்திருந்தார். ஒரு கல்யாணத்தில் அவள் ஊர்க்காரர் ஒருவர் விசாரித்தபோது, நன்றாக இருக்கிறாள் என்று சந்தோஷமாகவே சொல்லி, இடத்தையும் சொல்லிவிட்டார். பத்தாம் நாள் காலையில் புருஷன் வாசலில் நின்றான். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு பின்சுவர் ஏறிக் குதித்து ஓடி வந்தாள்.

தணிகாசலம் பெனிட்டாவுக்குப் போன் செய்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் வந்தார். வேறொரு ஆபீஸில் கம்ப்யூட்டர் டிஸ்க் கெட்டுப்போய், இரண்டு நாளாக அதோடு மல்லுக்கட்டிய முகம். திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று தணிகாசலம் சொன்னதையும் கேட்டுக்கொண்டார்.

“முடியல டீச்சர். யாருக்குத் திறக்கணும், யாருக்கு மூடணும்னு சொல்லுங்க. இந்தத் தடவை எழுதி வச்சுக்கறேன்.”

“எனக்குத் தெரியாது சார். சுகந்தியைக் கேட்டுட்டு வாங்க.”

தணிகாசலம் அவளைத் தேடிப் போனார்.

சுகந்தி கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவர் கேட்கத்தான் போனார். ஆனால் டிக் போட்டது தான்தான் என்பது முதலில் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் கையிலிருந்த பாவாடையைப் பிழிந்து முடித்தாள். வார்டன் அம்மா பார்க்கலாம் என்றாள். கவுன்சிலர் அமுதா அக்கா பார்க்கலாம் என்றாள். வேறு யாரும் வேண்டாம் என்றாள்.

பிறகு கேட்டாள்: “நீங்க பார்ப்பீங்களா?”

அவர் வந்த வழியே திரும்பி நடந்தார்.

பெனிட்டா ‘எல்லோருக்கும்’ என்பதை எடுத்தார். சுகந்தியின் விவரங்களைத் தனியாக்கி, அவள் சொன்ன இரண்டு பெயர்களை மட்டும் வைத்தார். மற்றப் பெண்களையும் ஒவ்வொருவராகக் கேட்கவேண்டும் என்றார்.

“பத்தொன்பது பேர் இருக்காங்க டீச்சர்.”

“ஆமா.”

பிறகு அந்த ஃபோல்டரிலிருந்தே தணிகாசலத்தின் பெயரை நீக்கினார். அதன்பின் தன்னுடைய பெயரையும் நீக்கினார்.

“நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனா?”

“நாம அட்மினா உள்ளே வந்து உரிமையைத் திருப்பி எடுத்துக்கலாம். ஒரு நிமிஷ வேலை. எடுத்தது பதிவாகும். அது வார்டனுக்குப் போகும்.”

தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப நினைச்சா நாம எப்பவும் உள்ளே போகலாம். பேரை எடுத்து என்ன பிரயோஜனம்? பார்க்க மாட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்வேன்?”

“அப்படிச் சொல்லாதீங்க. என்னால பார்க்க முடியும், பார்த்தா அன்னைக்கே வந்து உன்கிட்ட சொல்வேன்னு சொல்லுங்க.”

“அந்தப் பொண்ணு நம்பலைன்னா?”

பெனிட்டா கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“நம்புறது அவ வேலை இல்ல சார். சொன்னபடி நடக்கிறது நம்ம வேலை.”