ஜாடியில் விழுந்த பழம்

“எம் மகனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும், தாயே. சொல்ற வரைக்கும் நான் இந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்.”

சொன்ன கையோடு வேலாயுதம் மாமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ராஜபாளையத்து மாங்காய் மண்டியில் அவரிடம் விலை குறைத்துக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அன்று காலை ஏலம் முடிந்ததும் மனைவி கோமுவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நேரே மலையடிவாரத்து மடத்துக்கு வண்டியை விட்டிருந்தார்.

பதில் சொல்ல வேண்டிய மடத்தம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். குறைவாகப் பேசுபவர். அன்று அந்தக் குறைவான பேச்சுக்கும் நேரமில்லை. முந்தின நாள் சாயங்காலம் அடித்த கோடைமழைக் காற்று மடத்து மாமரங்களின் பாரத்தில் பாதியைக் கீழே இறக்கிவிட்டுப் போயிருந்தது. காயும் பழமுமாகத் தோப்பெல்லாம் கிடந்தது. மடத்தம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“மகன் என்ன செஞ்சாரு?” என்று கேட்டார், நிமிராமலே.

“என்ன செய்யல? தவணையில காரு வாங்குறான். ஞாயித்துக்கெழமை வந்தா குடும்பத்தோட ஓட்டல்ல சாப்பாடு. ஏன், வீட்டுல அடுப்பு இல்லையா? கையில ஒரு சல்லிக் காசு நிக்காது. இப்ப என் சேமிப்புல கை வைக்கப் பாக்குறான்.”

“எதுக்கு?”

வேலாயுதம் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிக் கோமுவும் மாங்காய் பொறுக்க ஆரம்பித்திருந்தாள். போன இடத்தில் சும்மா இருக்க அவளுக்கு வராது.

குரலைத் தாழ்த்தினார். “இவளுக்குப் பனிமலையைக் காட்டணுமாம். வடக்க. ரயிலு, ரூமு, குதிரைன்னு எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கான். இவளுக்கும் ரொம்ப நாள் ஆசைதான். மண்டிக் காலண்டர்ல ஒரு வருசம் பனிமலைப் படம் வந்துச்சு. வருசம் போயும் தூக்கிப் போடல. படத்தை மட்டும் வெட்டி அடுப்படியில ஒட்டி வச்சிருக்கா.”

“போயிட்டு வரலாமே.”

“நான் வேணாம்னா சொன்னேன்? பேரன் தருண் காலேஜுல சேரட்டும், அதுக்கப்புறம் நிம்மதியாப் போவோம்னுதான் சொல்றேன்.”

“பேரன் இப்ப என்ன படிக்கிறான்?”

“யூகேஜி.”

மடத்தம்மா ஒரு மாங்காயைத் துடைத்துக் கூடையில் போட்டார். சிரித்த மாதிரி இருந்தது. வேலாயுதம் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

“எங்கப்பா ஈட்டி மரத்துல ஒரு கட்டில் செஞ்சாரு, தாயே. மூட்டை தூக்கிப் பிழைச்ச மனுசன். ஒரு நாளும் அதுல படுக்கல. பிள்ளைக்குன்னாரு. பாயிலயே படுத்தாரு, பாயிலயே போய்ச் சேந்தாரு. நானும் அதுல படுக்கல. பேரனுக்குன்னு சாக்கைச் சுத்திப் பத்திரமா வச்சிருக்கேன். எங்க குடும்பம் இப்படித்தான் மேல வந்துச்சு. இவன் என்னடான்னா...”

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவை நினைத்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

ஊரில் அவரைக் கஞ்சன் என்பார்கள். அது அரைகுறைப் பேச்சு. மகன் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் அள்ளிக் கொடுத்தவர் அவர். கஞ்சத்தனமெல்லாம் தன் தட்டோடு சரி. வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் வந்தால் புள்ளி விழுந்ததை முதலில் எடுப்பார். நல்லது நாளைக்கு இருக்கட்டும் என்பார். மறுநாள் பார்த்தால் அந்த நல்லதிலும் புள்ளி விழுந்திருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு அதற்கடுத்ததை மறுநாளைக்கு வைப்பார். வாழ்நாளெல்லாம் மாம்பழத்தில் புரண்டவர், ஒரு நல்ல மாம்பழத்தை முழுதாகச் சாப்பிட்டதில்லை. அவரோடு சேர்ந்து கோமுவும்தான்.

“அவன் உங்க பேச்சைக் கேப்பான், தாயே. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“நீங்க கேப்பீங்களா?”

“எனக்கு என்ன சொல்லக் கெடக்கு?”

மடத்தம்மா அடுத்த மாங்காய்க்குப் போனார். வேலாயுதம் விடவில்லை.

“பேரன் பேர்ல படிப்புக்குன்னு பேங்குல ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். என் பேர்ல ஒண்ணு கெடக்கு. அதைத் தொட்டாலும் இதைத் தொட்டாலும் பேரன் சோத்துல கை வைக்கிற மாதிரி.”

“உங்க பேர்ல இருக்கிறது எதுக்கு?”

வேலாயுதம் யோசித்தார்.

“இருக்கட்டும்னுதான்.”

அப்போது பச்சக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கோமு ஒரு பழத்தை மிதித்துவிட்டாள். சின்னப் பழமில்லை. பச்சைப் புல்லில் மஞ்சளாக, தூரத்திலிருந்தே தெரிகிற பழம்.

“பாத்து நடக்கக் கூடாதா?” என்றார் வேலாயுதம். மாம்பழம் வீணானால் அவருக்குத் தாங்காது. “இத்தாம் பெருசு கெடக்கு!”

“கண்ணுல படலைங்க.”

“காலுக்குப் பக்கத்துலதானே கெடந்துச்சு?”

“பக்கத்துல கெடக்கறதுதாங்க தெரிய மாட்டேங்குது,” என்று சொல்லிவிட்டு அவள் காலைப் புல்லில் துடைத்தாள்.

மடத்தம்மா முதல்முறையாக நிமிர்ந்தார். “கண்ணுக்கு என்ன?”

வேலாயுதம்தான் சொன்னார். மண்டியில் சரக்கு நிலவரம் சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தார்.

“கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரத்துல இருந்து பார்வை குறைஞ்சுகிட்டே வருமாம். சொட்டு மருந்து விட்டா மெதுவாப் போகும்னாரு டாக்டரு. போனது திரும்பாதாம்.”

“எத்தனை நாளைக்குத் தாங்கும்னு சொன்னாரா?”

“அதைச் சொல்ல முடியாதுன்னுட்டாரு.”

அந்தக் கடைசிச் சொல் மண்டிக் குரலில் வரவில்லை. வேலாயுதம் மரத்தைப் பார்த்தார்.

மடத்தம்மா கோமுவிடம் கேட்டார். “பனிமலையில என்னத்தப் பாக்கணும் உங்களுக்கு?”

“வெள்ளையத்தான் தாயி. மலை முச்சூடும் வெள்ளையா இருக்குமாம். கால வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகுமாம். வீட்டு ஐஸ் பெட்டியில பாத்திருக்கேன். அது வேறல்ல?”

“உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?”

“ஒரு தடவை கேட்டேன். மறுபடி கேக்கல. கேட்டா இவரு ராத்திரி தூங்க மாட்டாரு. பேரனுக்கும் சேக்கணும், எனக்கும் செய்யணும்னு பாவம், கெடந்து முழிப்பாரு.”

வேலாயுதம் அவளைத் திரும்பிப் பார்த்தார். தான் முழித்துக்கொண்டு கிடப்பது இவளுக்குத் தெரியும் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

மடத்தம்மா கூடையை இழுத்து வந்து அவர் முன்னால் கவிழ்த்தார்.

“அய்யா, கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க.”

“நான்தான் எந்திரிக்க மாட்டேன்னு சொன்னேனே.”

“உக்காந்தே பிரிக்கலாம்.”

அதில் அவருக்கு மறுப்பில்லை. கை மாங்காயைத் தொட்டதும் ஆள் மாறிவிட்டார். அமுக்கிப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. எடுத்த வேகத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது.

“இது காய். நல்ல கெட்டி. அடி படல. உப்புல போடுங்க, அடுத்த வருசமும் நிக்கும். இது பழம், இன்னைக்கே தின்னுறணும். இது காய். இதுவும் காய். இது பழம்.”

மடத்தம்மா அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். காய்களை நறுக்கிப் பெரிய பீங்கான் ஜாடியில் போட்டார். கோமு பக்கத்தில் உட்கார்ந்து உப்பும் மஞ்சள் தூளும் தூவினாள். ஜாடி மெல்ல நிறைந்தது. வேலாயுதம் மகனை மறந்துபோய் உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று கோமுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது மடத்தம்மா மறுபக்கம் கையை நீட்டினார். நல்ல பழமாக ஒன்றை எடுத்தார். நறுக்கினார். ஜாடிக்குள் போட்டார்.

“ஐயையோ!”

வேலாயுதம் எழுந்து பாய்ந்தார். ஜாடியை இரண்டு கையாலும் வாரி இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“என்ன காரியம் செஞ்சீங்க, தாயே!”

“ஏன்? நல்ல பழம்தானே. இப்பச் சாப்பிடாம ஜாடியில வச்சா அடுத்த வருசம் சாப்பிடலாம்.”

“பழத்தைப் போய் யாராச்சும் அடுத்த வருசத்துக்கு வைப்பாங்களா? மணம் வந்தாச்சுன்னா அதுக்கு இன்னைக்குத்தான் நாளு! அது கெடறது மட்டுமா? பேரப்பிள்ளைக்கு ஆகட்டும்னு போட்ட காயையும் சேத்துல்ல கெடுத்துரும்! இது சின்னப் பிள்ளைக்குக்கூட...”

அவர் கண் கோமுவின் பக்கம் போனது.

ஜாடி அவர் நெஞ்சில் இருந்தது. கோமு உப்புக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் முழங்கையை ஒட்டி இருந்தது. அவள் கை முன்னால் தடவியது, பின்னால் தடவியது. கிண்ணத்தைத் தாண்டித் தாண்டிப் போனது.

இத்தனை நாள் அவர் இதைக் கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறார்.

ஜாடியை இறக்கி வைத்தார். உள்ளே விழுந்த பழத் துண்டுகளை ஒன்று விடாமல் எடுத்து வெளியே போட்டார். குனிந்து கிண்ணத்தை அவள் கைக்கு நகர்த்தினார். பிறகு பழக் குவியலில் இருந்ததிலேயே நல்ல பழத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“சாப்பிடு.”

கோமு அதைத் தடவிப் பார்த்தாள். “அங்க அடிபட்டது ஒண்ணு கெடக்குமே. அதை மொதல்ல...”

“இதைச் சாப்பிடு கோமு.”

அவர் குரலைக் கேட்டு அவள் பழத்தைக் கடித்தாள்.

“எந்திரிச்சிட்டீங்களே, அய்யா,” என்றார் மடத்தம்மா. “மகனுக்குப் புத்தி?”

மடத்தம்மா ஒரு பை நிறைய மாங்காய் போட்டார். பழமாக ஒன்றுகூடப் போடவில்லை. மேலே ஒரு பொட்டலம் கல்லுப்பும் வைத்தார்.

“இதை மகன் கையில குடுங்க. அவரையே நறுக்கி உப்புப் போட்டு வைக்கச் சொல்லுங்க. வேற யாரும் செஞ்சு குடுக்க வேண்டாம்.”

வேலாயுதம் பையை வாங்கிக்கொண்டார். மாமரத்தடியில் நின்றபடியே கைபேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

“பூபாலா, டிக்கெட்டு போடுறா. எனக்கும் அம்மாவுக்கும்.”

“எங்கேப்பா?”

“நீதானே பனிமலைன்னு குதிச்ச? அங்கதான். தருண் பேர்ல இருக்கிறதைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன். அது ஊறட்டும். என் பேர்ல இருக்கிறதுல எடு.”

“அது ‘இருக்கட்டும்’னு வச்சிருந்தீங்களேப்பா?”

“எடுன்னா எடுறா.”

“சரிப்பா, சரி. சீசன் முடியவும் தேதி பாக்குறேன்.”

பூபாலன் சொன்னதில் தப்பில்லை. மண்டியில் சரக்கு குவிகிற நேரம் அது. அந்த மாதத்தில் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே தாலி கட்டும்போது போய்விட்டுப் பந்திக்கு முன்னால் திரும்பியவர் வேலாயுதம்.

அவர் கோமுவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“இந்த வாரமே போடு,” என்றார். “மண்டியை நீ பாரு.”

“இந்த வாரமா? நானா? அப்பா, அங்க என்ன ஆச்சு?”

“பழுத்துருச்சுடா,” என்றார் வேலாயுதம்.