லஞ்சம் வாங்காத குதிரை

“குதிரைக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. மேல உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் தெரியல!”

மோர் விற்கும் பொன்னுருவி பக்கத்துக் கடைக்காரியிடம் மெதுவாகத்தான் சொன்னாள். அது ராஜாவின் காதில் விழுந்துவிட்டது.

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதூர் நாட்டைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். தினமும் அரண்மனையிலிருந்து ஆற்றுக்குக் கடைத்தெரு வழியாகக் குதிரையில் பறப்பார். பின்னாலேயே பிரபுக்களின் வண்டிகளும் பறக்கும். அன்று பொன்னுருவியின் கைக்குழந்தை தெருவில் தவழ்ந்து வந்துவிட்டது. குதிரை தானாகவே விலகியது. விலகியதில் தெருவில் பதித்த வழவழத்த கல்லில் வழுக்கி முழங்கால் ஊன்றி எழுந்தது. குழந்தை பிழைத்தது; மோர்ப்பானைதான் உடைந்தது.

ராஜா கொதிப்போடு சபைக்கு வந்தார். “ஒரு மோர்க்காரி என்னைக் குருடன் என்கிறாள்!”

லாயத்து அதிகாரி சந்தனராயர் துள்ளி எழுந்தார். “கடைகளைக் கோட்டைக்கு வெளியே துரத்திவிடலாம், மகாராஜா! குதிரைக்கு அந்தத் தெருதான் பிடிக்கும். என்னைவிட யாருக்குத் தெரியும்?”

கோட்டைக்கு வெளியே யார் மோர் வாங்குவார்கள்? பொன்னுருவியின் அடுப்பு அணைந்துவிடும். அமைச்சர் ஆதிமூலர் தொண்டையைச் செருமினார்.

“ராயர் குதிரையின் மனதை அறிந்தவர். இருந்தாலும் ஒரு வார்த்தை குதிரையையும் கேட்டுவிடலாமே?”

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார். “எப்படி ஐயா கேட்பீர்?”

“நாளைக்கு ஆள் ஏறாமல் அவிழ்த்துவிடுவோம். ஆற்றுக்கு எந்த வழியில் போகிறதோ, அதுவே குதிரைக்கும் வண்டிக்கும் பாதை.”

“சரி. கடைத்தெருவில் போனால் கடைகள் வெளியே. நீரும் அவர்களோடு மோர் விற்கப் போகலாம்!”

மறுநாள் குதிரையை அவிழ்த்துவிட்டார்கள். ராஜா பின்னால் நடந்தார். வழி பிரியும் இடத்தில் இடதுபக்கம் கடைத்தெரு, வலதுபக்கம் மரநிழலில் ஏரிக்கரை மண்பாதை. குதிரை மூக்கை உயர்த்தி மோந்தது. நேராகக் கடைத்தெருவுக்குள் திரும்பியது. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பொன்னுருவி கண்ணை மூடிக்கொண்டாள். ராயர் மீசையை முறுக்கினார்.

முன்னங்கால் அந்த வழவழத்த கல்லில் பட்டது. குதிரை உடல் சிலிர்த்து நின்றது. பிறகு பின்வாங்கி, திரும்பி, ஏரிக்கரையில் சுகமாக ஓடியது.

“அப்புறம் ஏன் முதலில் உள்ளே திரும்பியது?” ராஜா குனிந்து பார்த்தார். தெரு நெடுக ஊறவைத்த கொள்ளு இறைந்து கிடந்தது.

லாயத்தைத் தவிர அந்த ஊரில் யார் கொள்ளு ஊறவைப்பார்கள்? ராயர் மரங்களை வேடிக்கை பார்த்தார்.

“மகாராஜா, லஞ்சம் கொடுத்தும் மசியாத ஒருவர் நம் அரண்மனையில் இருக்கிறார். நான்கு காலில் நடக்கிறார்” என்றார் ஆதிமூலர்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். “ராயரே, கொள்ளு மணிகளை ஒன்று விடாமல் பொறுக்கும். ஏரிக்கரைப் பாதைக்கு முதல் கூடை மண்ணும் உம் தலையில்தான். அமைச்சரே, இனிக் கடைத்தெருவில் நடப்பவர்கள் மட்டும், நான் உட்பட!” என்று தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார்.

சாயங்காலம் ராஜா ஆற்றிலிருந்து ஏரிக்கரை வழியாகத் திரும்பினார். வழி பிரியும் இடத்தில் பொன்னுருவி புதுப்பானையோடு நின்றிருந்தாள். ராஜா இறங்கினார். அவள் கும்பிட்டுவிட்டு, முதல் சட்டி மோரைக் குதிரையின் வாயருகே வைத்தாள்.

தன் முறை வரும்வரை ராஜா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.