நடக்க மறுத்த குதிரை

கோவைக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பயிற்சி முகாம். பார்வையாளர் வரிசையில், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் மஸ்தான் பாய் உட்கார்ந்திருந்தார்.

களத்தில் பயிற்சியாளர் ஜெயசீலன் ஒரு குதிரையைப் பழக்கிக்கொண்டிருந்தார். குதிரை பத்தடி நடக்கும், நின்றுவிடும். எதிரே அவருடைய போட்டோகிராபர் அடிக்கடி படம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் இல்லாமல் ஜெயசீலன் பயிற்சி நடத்துவதில்லை.

"முட்டாள் குதிரை. இன்னைக்கே வித்துடுங்க" என்றார் அவர். போன மாதம்தான் அதை ஆசையாக வாங்கிய தேன்மொழியின் முகம் வாடிப்போனது.

"விக்கிறதுக்கு என்ன சார் அவசரம்?" என்றார் மஸ்தான்.

"பார்க்க வந்தவர் பார்த்தாப் போதும் பாய். முடிஞ்சா உட்கார்ந்த இடத்திலிருந்தே நடக்க வைங்க!"

மஸ்தான் போட்டோகிராபரிடம் திரும்பினார். "தம்பி, கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குப்பா."

கேமரா இறங்கியது. குதிரை களத்தை முழுதாக ஒரு சுற்று வந்தது.

"கல்யாணக் குதிரை சார். மாப்பிள்ளையைப் படம் எடுக்கும்போது ஆடாம நிக்கணும்னு யாரோ நல்லாப் பழக்கியிருக்காங்க."

தேன்மொழி ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயசீலன் குரலைத் தாழ்த்தினார். "படமே இல்லைன்னா, நான்தான் பழக்கினேன்னு யார் பாய் நம்புவாங்க?"

"குதிரை நம்பினாப் போதாதா சார்?"